நீதியாக வாழ்வதால் மெய்யான மகிழ்ச்சி வருமா?

"கிறிஸ்தவ விசுவாசத்தில் நீதியாக வாழ்வது மெய்யான மகிழ்ச்சியை எப்படித் தருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். லூக்கா நற்செய்தியின் 18, 19ஆம் அதிகாரங்களில் வரும் இரண்டு செல்வர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சிறுவயது முதல் தேவனுடைய கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொண்டு வந்த தலைவன், உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கும்படி இயேசு சொன்னதும் மிகவும் துக்கமடைந்தான். எரிகோ ஊரின் ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவர்களின், தலைவனான சகேயுவோ, அவர் பெயர் சொல்லி அழைத்ததுமே காட்டத்தி மரத்திலிருந்து விரைந்து இறங்கி, சந்தோஷத்தோடு அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான்.

வரிசையைக் கவனியுங்கள்: சகேயுவின் சந்தோஷம் 19ஆம் அதிகாரத்தின் 6ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதும் 8ஆம் வசனத்தில்தான். குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முழுத் தொகையுடன் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றே பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. சகேயு அந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை. ஆகவே நீதி என்பது மகிழ்ச்சிக்குச் செலுத்தும் விலையல்ல, அதன் கனி என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அதே நீதிதான் அந்த மகிழ்ச்சியைக் காக்கவும் செய்கிறது. பாவத்தை அறிக்கையிடாமல் அடக்கி வைத்திருந்த நாட்களில் தன் எலும்புகளே உலர்ந்துபோனதாக 32ஆம் சங்கீதத்தில் தாவீது அழுகிறார்.