'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு' என்பதிலிருந்து வந்ததா? காசுக்கு முதலில் என்ன பொருள்?

பள்ளியில் கேட்டதை வைத்து நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். பாதிதான் சரி.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு. கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அது நம்முடையது இல்லை. பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. முதலில் பணப்பெட்டிக்குப் பெயர், பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு.

இன்னொரு 'கேஷ்' சின்ன நாணயத்தைக் குறிப்பது. அதுதான் நம் காசு. போர்த்துகீசியர் வாயில் அது 'கைஷா' ஆகி, அவர்களோடு கிழக்குக் கடல்களுக்கும் போனது. நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்புக்காசை ஆங்கிலத்தில் இன்றும் 'கேஷ்' என்கிறார்கள். சீனாவில் அதற்குப் பெயரே வேறு!

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் சென்னைக் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். அதற்கான 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை இங்கிலாந்தில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அப்படி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிவிட்டது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கான காசுகளை எடுத்தார்கள். 1808 என்று ஆண்டு போட்டு, 'கேஷ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சென்னைச் சந்தைக்கு வரவேண்டிய சில்லறை அது.

செப்புக்கு இறங்குவதற்கு முன்னால் காசு பொன்னாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்தப் பொற்காசை வட்டிக்கு விட்ட கணக்கு இருக்கிறது: ஒரு காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு.

அதற்கும் முன்னால்? எனக்கு மிகவும் பிடித்த சான்று குறுந்தொகை 67ஆம் பாட்டு. கிளியின் வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழம். புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நக நுனியில் பிடித்திருக்கும் பொற்காசு போல அது இருக்கிறதாம். அந்தக் காசு கொடுத்து வாங்குவதற்கான காசு இல்லை, நகையில் கோக்கிற காசு. இடுப்பில் அணியும் மேகலையில் கோத்த மணிகளுக்கும் காசு என்றே பெயர். கல்யாண வீடுகளில் நாம் பார்க்கும் காசுமாலையில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.