யானை குடித்ததா?

அன்புள்ள சார்,

என் மகளுக்கு எட்டு வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் குடும்பமாக உட்கார்ந்து, விலங்குகளை வைத்து வேடிக்கையாக எடுத்த ஆவணப்படங்களைப் பார்ப்போம். போன வாரம் 'அனிமல்ஸ் ஆர் பியூட்டிஃபுல் பீப்பிள்'. ஆப்பிரிக்காவின் மருலா மரத்தடியில் விழுந்து புளித்த பழத்தைத் தின்ற யானையும் குரங்கும் போதையில் தள்ளாடும் இடத்தில், "யானைக்கு எதுக்குப்பா குடிக்கப் பிடிக்குது?" என்று கேட்டாள். "சும்மா பாரு" என்று சொல்லிவிட்டேன். இதெல்லாம் குழந்தையைக் கெடுக்கும் என்கிறார் மைத்துனர். வெறும் டைம்பாஸ்தானே சார், பார்க்கலாம் இல்லையா? நல்ல படங்களின் பட்டியலும் தந்தால் உதவியாக இருக்கும்.

சு.

அன்புள்ள சு.,

பட்டியல் என்னிடம் இல்லை. மைத்துனரோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்த "சும்மா பாரு"வுக்காக.

ஜேமி யூய்ஸ் 1974-இல் எடுத்த அந்தப் படத்தை நானும் சிறுவயதில் பார்த்தேன். வாடகைக்கு டெக் எடுத்து, பாதித் தெரு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. குரங்கு கால் பின்னி விழுந்தபோது அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்காகவே அந்தப் படத்தின் மேல் இன்றும் எனக்கு அன்பு உண்டு. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை மறுபடி எடுத்துக் கழுவினாள். மாமா அப்போது எங்கள் திண்ணையில்தான் விழுந்து கிடந்தார். அந்தத் தள்ளாட்டம் அவளுக்குத் தினசரிக் காட்சி.

விலங்கைப் பார்த்துச் சிரிப்பதில் தப்பே இல்லை. வீட்டில் எல்லா வயதும் ஒன்றாகச் சிரிக்க இதைவிட வேறென்ன இருக்கிறது? ஆனால் நம் வீட்டுக் கோளாறை அதன் தலையில் கட்டிவிட்டுச் சிரிக்கும்போது, நாம் அந்த விலங்கைப் பார்ப்பதே இல்லை.

2006-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 3,000 கிலோ யானைக்குப் போதை ஏற வேண்டுமென்றால், 7 சதவீதம் ஆல்கஹால் உள்ள பானம் 10 முதல் 27 லிட்டர் வரை குறுகிய நேரத்தில் உள்ளே போக வேண்டும். பழம் தின்று அது நடக்காது. சரி, அது மனித உடலை வைத்துப் போட்ட கணக்கு. ஆல்கஹாலை முறிக்கும் மரபணு ஒன்று யானைகளிடம் செயலிழந்திருப்பதாக 2020-இல் வேறொரு ஆய்வு சொன்னது, அளவு குறையலாம். இருந்தாலும் ஒரு மரத்தடியில் காடே குடித்துக் கூத்தடித்தது என்பதை நான் நம்பவில்லை. யானை நல்ல பழத்தைத்தான் தேடித் தின்கிறது. மரத்திலிருந்தே பறித்தும் தின்னும்.

உங்கள் மகள் கேட்டது இதைத்தான். ஆய்வாளர்கள் கேட்ட கேள்வியை எட்டு வயதில் கேட்டிருக்கிறாள், நீங்கள் வாயை அடைத்துவிட்டு எனக்கு "டைம்பாஸ்" என்று எழுதுகிறீர்கள். எப்படி ஐயா மனசு வந்தது?

இன்று ராத்திரியே அதே காட்சியைப் போடுங்கள். நிறுத்தி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். மருலா நம் மாமரத்துக்குச் சொந்தக்கார மரம். யானைக்கு அந்தப் பழம் அவ்வளவு பிடிக்கும். கொட்டையோடு விழுங்கும். அப்புறம் அது எங்கேயோ நடந்துபோய் லத்தி போடும், கொட்டை அதிலிருந்து முளைக்கும். லத்தி என்றால் என்ன என்று கேட்பாள். அப்போது எல்லோரும் சேர்ந்து சிரியுங்கள்.