லத்தீன் தெரியாத பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

கேள்வி: மகன் லண்டனில் அரசுப் பள்ளியில் 12ஆம் ஆண்டு படிக்கிறான். பழைய கிரேக்கக் கவி ஹோமரை ஆங்கிலத்தில் படித்ததிலிருந்து, கிரேக்க, லத்தீன் செவ்வியல்தான் படிப்பேன் என்கிறான். பள்ளியில் இரண்டு மொழியும் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் எந்தக் கல்லூரிக்குப் போடலாம்?
– ஒரு தாய், ஹரோ

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, லத்தீன் தெரியாது என்பதற்காக யாரும் கதவை மூடப்போவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இது 4 ஆண்டுப் படிப்பு. இரண்டு மொழியும் தெரியாமல் வருபவர்களுக்கு அதில் தனி வழியே இருக்கிறது. கேம்பிரிட்ஜில் லத்தீன் படித்து வந்தவர்களுக்கு 3 ஆண்டு, மற்றவர்களுக்கு 4. ஒரே ஆண்டில் இரண்டு இடத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது.

பட்டம் தருவது பல்கலைக்கழகம். விரிவுரை, தேர்வு எல்லாம் எல்லோருக்கும் பொது. கல்லூரியைப் பொறுத்து மாறுவது, உங்கள் மகன் எழுதிய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்து பேசப்போகிற ஆசிரியர்தான். அவரைப் பாருங்கள், கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நான் இங்கே 19 ஆண்டாக லத்தீன் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவி ஒருத்தி பெயருக்காகவே ஒரு பழைய கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள். பண்டைய வரலாறு என்றால் அவளுக்கு உயிர். அவள் சேர்ந்த ஆண்டு அந்தப் பாடத்துக்கு அங்கே ஆசிரியரே இல்லை. மழையில் சைக்கிள் மிதித்து வேறு கல்லூரிக்குப் போய்ப் படித்தாள். முதல் வருஷம் போனில் அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இலக்கியம், வரலாறு, தத்துவம் மூன்றுக்கும் கல்லூரியிலேயே ஆசிரியர் உண்டா என்று பாருங்கள். 4 ஆண்டும் தங்க அறை தருவார்களா என்றும் கேளுங்கள். வாடகை சின்ன விஷயம் இல்லை. சில கல்லூரிகளில் இந்தப் படிப்பே கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியைச் சுற்றிப் பார்க்க விடுகிற பொதுப் பார்வை நாளில் (ஓப்பன் டே) மகனோடு போய், மொழி தெரியாமல் சேர்ந்த மாணவர் யாரிடமாவது பேசுங்கள். அப்புறம் நூலகத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு கல்லூரியில் லிடல்–ஸ்காட் கிரேக்க அகராதி முதுகு பிய்ந்து, நாடா ஒட்டிக் கிடந்தது. இங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எதுவும் முடிவாகவில்லையா? சரி, கல்லூரி பெயர் போடாமலே விண்ணப்பிக்கலாம், அவர்களே ஒன்றை ஒதுக்குவார்கள். ஆனால் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான அக்டோபர் 15ஐத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள்தானே? லத்தீனில் ‘புவெல்லா’ என்றால் சிறுமி, ‘புவெல்லாம்’ என்றால் சிறுமியை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் என் வகுப்பில் வாரக்கணக்கில் திணறுகிற இடம் இது. ‘நாய் சிறுமியைக் கடித்தது’, ‘சிறுமியை நாய் கடித்தது’ – இரண்டிலும் கடிபட்டது யார் என்று உங்கள் மகனைக் கேளுங்கள். உடனே சொல்லிவிடுவான். எப்படிக் கண்டுபிடித்தான் என்றும் கேளுங்கள். அந்த ‘ஐ’யைத் தொட்டுக் காட்டினால், லத்தீன் இலக்கணத்தின் முதல் பாடம் அவனுக்கு முடிந்தது.