இருத்தலியல் உளவியலும் மனிதநேய உளவியலும் ஒன்றா? எங்கள் கடற்கரைக்கு அவை உதவுமா?

இருத்தலியல் உளவியலும் மனிதநேய உளவியலும் ஒன்றுதானா என்றும், கடனும் பிடிபட்ட படகும் அன்றாடப் பேச்சாக இருக்கும் இராமநாதபுரக் கடற்கரையில் ‘வாழ்வின் பொருள்’ பேசும் உளவியலுக்கு என்ன வேலை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் ஆற்றுப்படுத்துநராக, அதாவது மனநல ஆலோசகராக, பணிபுரிபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டும் பங்காளிகள், ஒரே அடுப்பில் சமைப்பவர்கள் அல்லர். உங்கள் இரண்டாவது கேள்விக்குள், பசி தீர்ந்த பிறகுதான் பொருள் தேடத் தோன்றும் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க உளவியலில் உளப்பகுப்பாய்வும் நடத்தையியலும் கோலோச்சின. ஒன்று மனிதனை அடிமனத்து உந்துதல்களின் விளைவாகவும் மற்றது பழக்கப்பட்ட துலங்கல்களின் தொகுப்பாகவும் கண்டன. தானே தேர்ந்து முடிவெடுக்கும் மனிதனுக்கு இரண்டிலும் இடம் குறைவு. அந்தக் குறையிலிருந்து எழுந்து ‘மூன்றாம் விசை’ என்று பெயர் பெற்றதுதான் மனிதநேய உளவியல். அதன் முன்னோடிகளில் ஒருவரான கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், உதவ வருபவரிடம் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நேர்மையும், நிபந்தனையற்ற ஏற்பும், எதிரில் இருப்பவரின் உலகத்தை அவர் கண்ணாலேயே காணும் ஒத்துணர்வும் இருந்து, அவை அவரைச் சென்றடைந்தால் மாற்றம் நிகழும் என்று வாதிட்டார். இருத்தலியல் அணுகுமுறையின் வேர் ஐரோப்பியத் தத்துவத்தில் இருக்கிறது. டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்ட் 1844-இலேயே பதற்றத்தைச் சுதந்திரத்தின் தலைச்சுற்றலாகக் கண்டவர். அந்த மரபு பின்ஸ்வாங்கர், விக்டர் பிராங்கிள் போன்ற மருத்துவர்கள் வழியே சிகிச்சைமுறையாக உருப்பெற்றது. 1958-இல் அமெரிக்க உளவியலாளர் ரோலோ மே மற்றவர்களுடன் சேர்ந்து தொகுத்த நூல் அதை அமெரிக்க வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தது.

வேறுபாடு எங்கே என்பதை 1982-இல் ரோலோ மே ரோஜர்ஸுக்கு எழுதிய திறந்த மடல் தெளிவாகக் காட்டுகிறது. மனித இயல்பு அடிப்படையில் வளர்ச்சியை நாடுவது, தீமை பெரும்பாலும் சூழலும் பண்பாடும் ஏற்படுத்தும் சிதைவு என்பது ரோஜர்ஸின் நம்பிக்கை. நன்மைக்கும் தீமைக்குமான ஆற்றல் இரண்டும் மனிதனுக்குள்ளேயே இருக்கின்றன, தீமையைச் சமூகத்தின் தலையில் ஏற்றிவிட்டால் மனிதனை அரைகுறையாகவே புரிந்துகொள்வோம் என்றார் மே. ஆக, மனிதநேய உளவியல் ஒருவருக்குள் இருக்கும் வளர்ச்சியை நம்பி அதற்கு வழிவிடுகிறது. இருத்தலியல் உளவியல் அவரால் மாற்ற முடியாத எல்லைகளின் முன் அவருடன் சேர்ந்து நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1980-இல் அந்த எல்லைகளை மரணம், சுதந்திரம், தனிமை, பொருளின்மை என்று வகுத்தார்.

பசி முதலில், பொருள் பிறகு என்ற எண்ணம் பெரும்பாலும் மனிதநேய உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலையிலிருந்து, அதாவது உணவு போன்ற அடிப்படைத் தேவைகள் முதலிலும் உயர் தேவைகள் பிறகும் எழும் என்ற கருத்திலிருந்து, வருகிறது. பாடநூல்களில் காணும் அந்த முக்கோணப் படத்தை அவர் வரையவில்லை. பின்னால் வந்தவர்கள் வரைந்தது அது. 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, ஒரு தேவை முழுவதும் நிறைவேறினால்தான் அடுத்தது தலைகாட்டும் என்று கொள்ள வேண்டியதில்லை என்று அவர் தெளிவுபடுத்தியிருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் வருமானம் நின்றுவிடுகிறது. அந்த நாட்களில் என்னிடம் வரும் ஆண்கள் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, அப்பன் செய்த தொழிலை மகனுக்குக் கொடுப்பதா வேண்டாமா, இத்தனை ஆண்டுகள் கடலில் உழைத்ததற்கு என்ன அர்த்தம் என்ற இடத்தில் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குக் கடன் தீர வழியும் வேண்டும், இந்தக் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

இந்த அணுகுமுறைகள் எங்கள் கரையில் உண்மையாகவே சோதிக்கப்படுவது, கடலுக்குப் போன கணவர் திரும்பாமலும் உடல் கிடைக்காமலும் போன பெண்களிடம்தான். யாரையும் அடையாளம் காட்டாமல், பொதுவாகவே சொல்கிறேன். ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் ஊகம். அதுவரை அந்தப் பெண் சட்டத்துக்கு மனைவி. ஊருக்கோ இன்னதென்று சொல்ல முடியாதவள். தாலியைக் கழற்றினால், “அவன் வந்து நின்றால் என்ன சொல்லுவே?” என்று மாமியார் கேட்கிறார், கழற்றாவிட்டால் பிள்ளைகளின் எதிர்காலத்தைச் சொல்லி அண்ணன் கோபிக்கிறார். “நடந்தது நடந்துபோச்சு தங்கச்சி, பிள்ளைகளைப் பாரு” என்பவர்களும், “மாதா கைவிடமாட்டா, வந்துருவான்” என்பவர்களும் அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் இரு தரப்பும் அவள் சார்பில் முடிவெடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகின்றன.

வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், இந்நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். இங்கே கோளாறு அந்தப் பெண்ணின் மனத்தில் இல்லை, இழப்பின் தன்மையிலேயே இருக்கிறது என்பது அவர் கருத்து. அவர் குடும்ப ஆய்வு மரபைச் சேர்ந்தவரே தவிர இருத்தலியல் பள்ளியினர் அல்லர். இருந்தாலும் இந்த இடத்தில் அவர் கருத்தும் இருத்தலியலும் சந்திக்கின்றன. ரோஜர்ஸ் கற்பித்த ஏற்பு, அவள் காலையில் நம்பிக்கையும் மாலையில் துக்கமுமாகப் பேசினால் இரண்டையும் திருத்தாமல் கேட்க எனக்கு உதவுகிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. தாலி, இறப்புச் சான்றுக்கான மனு, மறுமணப் பேச்சு ஆகியவற்றில் முடிவு அவளுடையது. அதை எப்போது எடுப்பது, எடுக்காமலே இருப்பதா என்பதும் அவளுடையதே. அந்தச் சுதந்திரம் அவளுக்கு வரமாகத் தோன்றுவதில்லை, பாரமாகத்தான் இருக்கிறது. அந்தப் பாரத்தைப் பெயர் சொல்லி அவள் முன் வைக்க இருத்தலியல்தான் எனக்குத் துணிவு தருகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரு மரபுகளும் தனி அறையில் தனியாக அமர்ந்து பேசும் மனிதரை மனத்தில் வைத்து உருவானவை. இங்கே ஒருவர் ஆலோசனைக்கு வந்தால் உடன் ஓர் அத்தையோ கொழுந்தனாரோ வருவார். “என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்கக்கா” என்பதுதான் முதல் வேண்டுகோளாக இருக்கும். ரோஜர்ஸின் வழியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி மௌனமாக இருந்தால், இந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று அடுத்த வாரம் வரமாட்டார்கள். எனவே மனு எழுதுவது, வங்கிக்குச் செல்வது போன்றவற்றில் வெளிப்படையாக வழிசொல்லிவிட்டு, வாழ்க்கை முடிவுகளில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். நூல்கள் இதை ஒப்புமா என்பது வேறு விஷயம்.

கடுமையான மனநோய்க்குப் பேச்சு மட்டும் போதாது என்பதை ஏர்வாடி இருக்கும் மாவட்டத்தில் அழுத்திச் சொல்வது என் கடமை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. மனச்சிதைவு நோய்க்கு மருந்தும் மனநல மருத்துவரும் வேண்டும். அந்த இடத்தில் வாழ்வின் பொருளைப் பேசிக்கொண்டிருப்பது காலங்கடத்தல். ஆனால் மருந்து கொடுப்பவரும் எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்த்துப் பேச வேண்டும் என்பதில் மனிதநேய உளவியலுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நீங்கள் யாருக்காகவேனும் இதைக் கேட்டிருந்தால், அவர் உறங்குகிறாரா, உண்கிறாரா, சாவைப் பற்றிப் பேசுகிறாரா என்பதை முதலில் கவனியுங்கள். அத்தகைய பேச்சு இருந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.