ஏர் ரைஃபிள் வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: முதல்முறையாக ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறேன். ஒன்றில் 800 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு இத்தனை அடி வேகம்), இன்னொன்றில் 1,200 எஃப்.பி.எஸ். என்று போட்டிருக்கிறது. விலை வித்தியாசம் அதிகமில்லை. வேகமானதையே எடுத்துவிடலாமா? லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: வேண்டாம், 800-ஐ எடுங்கள். பெட்டியில் போடும் வேகம் பெரும்பாலும் லேசான அலாய் (உலோகக் கலவை) குண்டைச் சுட்டு எடுத்த கணக்கு. இந்தக் குண்டுக்குத்தான் பெல்லட் என்று பெயர். நீங்கள் வழக்கமாகச் சுடப்போவது 7 முதல் 8 கிரெய்ன் ஈய பெல்லட். 8 கிரெய்ன் என்றால் சுமார் 0.52 கிராம். அதைப் போட்டதும் வேகம் கணிசமாக இறங்கிவிடும். இறங்காமல் 1,100 எஃப்.பி.எஸ். பக்கம் போனாலும் நல்லதில்லை. அது ஒலியின் வேகத்தை நெருங்கும் இடம், அங்கே பெல்லட் ஆட்டம் கண்டு குறி சிதறும். இன்னொரு பக்கம், ஸ்பிரிங் கடுமையாக இருந்தால் ஒவ்வொரு முறை காக் செய்யவும் (சுடும் முன் ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டவும்) தோள் வலிக்கும். கை அசந்தபிறகு சுடுவது பயிற்சியில் சேராது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில். அந்தப் போட்டிக்கான துப்பாக்கிகள் பெல்லட்டைத் தள்ளுவது ஏறத்தாழ 570 எஃப்.பி.எஸ். வேகத்தில்தான், ஆற்றல் 8 ஜூல் அளவு. துல்லியத்துக்குக் காசு கொடுங்கள், வேகத்துக்குக் கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் (0.177 அங்குலம்) ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 0.22 அங்குலக் குழல் வேண்டுமென்றால் அது லைசென்ஸ் சமாச்சாரம். ஆற்றலை நீங்களே கணக்கிடலாம்: கிரெய்ன் எடையை எஃப்.பி.எஸ்.ஸின் வர்க்கத்தால் பெருக்கி 450,240-ஆல் வகுத்தால் ஃபுட் பவுண்ட். அதை 1.356-ஆல் பெருக்கினால் ஜூல். 8 கிரெய்ன், 700 எஃப்.பி.எஸ். என்றால் சுமார் 11.8 ஜூல் வரும். சீரியல் எண் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள்; வெளியே கொண்டுபோகும்போது துப்பாக்கி உறைக்குள் இருக்கட்டும், பில் நகல் கூடவே இருக்கட்டும்.

கேள்வி: ஸ்பிரிங் ரைஃபிள் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. 10 மீட்டரில் ஒரு சாண் அளவுக்குச் சிதறுகிறது. மணல் மூட்டைமேல் அழுத்தி வைத்துத்தான் சுடுகிறேன். ஸ்கோப்பை மாற்றிவிடட்டுமா?

பதில்: கேள்வியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளில் விசையை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாயும். துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் இழுக்கும். இதெல்லாம் நடக்கும்போது பெல்லட் இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. மூட்டைமேல் அழுத்தினாலோ கெட்டியாகப் பிடித்தாலோ அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி ஆகும். மூட்டைமேல் உங்கள் புறங்கையை வையுங்கள். விரித்த உள்ளங்கையில் முன்கட்டை (துப்பாக்கியின் முன்பக்க மரப்பகுதி) சும்மா உட்காரட்டும், விரல்கள் சுற்ற வேண்டாம். தோளிலும் லேசாகவே பதியட்டும். கை வைக்கும் இடம் அரை அங்குலம் மாறினாலும் குறி மாறும். கட்டையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன் திருகுகளைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் கட்டைத் திருகுகள் கழன்றுகொண்டே இருக்கும். சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். மரம் நசுங்கும் வரை முறுக்காதீர்கள். அடுத்து ஸ்கோப் மவுன்ட், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் கவ்வி. துப்பாக்கிமேல் அது நின்ற இடத்தில் பென்சில் கோடு போட்டு இருபது முறை சுடுங்கள். கோட்டை விட்டு நகர்ந்திருந்தால் குற்றம் மவுன்ட்டில். பெரும்பாலான ஏர்கன்களில் மவுன்ட் கவ்விக்கொள்ள 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம் இருக்கும். அதற்கேற்ற, ஸ்டாப் பின் (நகராமல் தடுக்கும் ஆணி) உள்ள ஒற்றைத்துண்டு மவுன்ட் வாங்குங்கள். ஸ்கோப்பிலும் 'ஏர்கன்னுக்கு' என்று குறிப்பு இருக்க வேண்டும். முன்னால் இழுக்கும் அந்த உதையைத் தாங்காமல் சாதாரண ஸ்கோப்பின் உள்பாகங்கள் கழன்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிதறினால் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள். தட்டைமுனை ஒன்று, உருண்டைமுனை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா போதும். கூர்முனை பெல்லட் பார்க்க வசீகரமாக இருக்கும், தாளில் பெரும்பாலும் ஏமாற்றும். புதுக் குழல் செட்டாகச் சில நூறு பெல்லட் ஆகலாம். ஆகவே உங்களுடையது ஏர்கன்னுக்கான ஸ்கோப் என்றால் இப்போது மாற்ற வேண்டாம்.

கேள்வி: எண்ணெய் விட்டதும் பட்டாசு மாதிரி வெடித்துப் புகை வருகிறது. பவர் கூடிவிட்டதா?

பதில்: அந்த நேரத்துக்குக் கூடலாம், ஆனால் துப்பாக்கி வீணாகிறது. பிஸ்டன் அழுத்தும் காற்று கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில் மெஷின் ஆயில் பற்றிக்கொண்டு, காற்றுக் கசியாமல் அடைக்கும் சீலையும் ஸ்பிரிங்கையும் கெடுக்கும். காற்று வரும் துளைக்குள் எண்ணெய் விடாதீர்கள். வெளி இரும்பைத் துருப்பிடிக்காமல் துணியால் துடைத்தால் போதும். பழைய லெதர் வாஷர் மாடல் மட்டும் விதிவிலக்கு. காய்ந்துபோனால் அதற்கு ஓரிரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் வேண்டும். பெல்லட் போடாமல் சும்மா தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். எதிரே அடைப்பு இல்லாததால் பிஸ்டன் வெறும் இரும்பில் மோதும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: ஒரிஜினல் பில். மடித்துத் திறக்கும் குழல் என்றால், அதை மூடிப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. காக் செய்யும்போது கரகரத்தால் ஸ்பிரிங் வளைந்திருக்கலாம். 'பவர் ஸ்பிரிங் போட்டிருக்கேன்' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள், 20 ஜூலைத் தாண்டியிருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

கேள்வி: மொட்டை மாடியில் சுடலாமா?

பதில்: பெல்லட் எங்கே போய் நிற்கும் என்று தெரியாத இடத்தில் சுடவே கூடாது. கைப்பிடிச் சுவருக்கு மேல் குறி போகும் மாடி அப்படிப்பட்ட இடம்தான். வீட்டு நடையோ நீளமான ஷெட்டோ இருந்தால், பழைய துணியை 20 செ.மீ. ஆழத்துக்கு இறுக்கித் திணித்த மரப்பெட்டி வையுங்கள், அதன் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு. கதவு வழியாக யாரும் குறுக்கே வரமுடியாதபடி தாழ் போடுங்கள். கண்ணாடி அணியாமல் சுட வேண்டாம், சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும். இரும்பு பிபி (சிறு உருண்டை) குண்டு போடாதீர்கள். குழலுக்குள் இருக்கும் சுழல் வரிகளைத் தேய்க்கும், மோதித் திரும்பவும் வரும். பறவைகளைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெல்லட் ஈயம் என்பதால் வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்யாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.