‘கேஷுவல்’ என்று போட்டிருக்கும் இரவில் குடும்பத்தோடு என்ன உடுத்துவது?

வாசகி ஒருவரின் கேள்வி: நாங்கள் ஐந்து பேர். கணவர், நான், 14 வயது மகன், 8 வயது மகள், என் மாமனார். முதல் முறையாக 7 இரவுக் கப்பல் பயணம் போகிறோம். ஐந்து இரவுகளுக்கு ‘கேஷுவல்’, இரண்டு இரவுகளுக்கு ‘எலிகண்ட்’ என்று குறிப்பு அனுப்பியிருக்கிறார்கள். கேஷுவல் என்றால் டி-ஷர்ட், ஷார்ட்ஸ் போதுமா? மகன் ஷார்ட்ஸைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்கிறான். வாசலில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எத்தனை செட் எடுத்துக்கொள்வது?

முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். குழந்தைகளோடு வரும் குடும்பத்தை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்த எந்தக் கப்பல் ஊழியரும் விரும்புவதில்லை. கேஷுவல் இரவில் அவர்கள் கவனிப்பது ஒன்றே ஒன்றுதான்: குளத்தடியிலிருந்தோ ஜிம்மிலிருந்தோ அப்படியே எழுந்து வந்திருக்கிறீர்களா என்பது. ஈர நீச்சலுடை, அதன்மேல் சுற்றிய துண்டு, ஆண்களின் கையில்லாத பனியன், ஓடப் போகும்போது போடும் வழவழப்பான விளையாட்டு ஷார்ட்ஸ், வெறுங்கால். இவற்றைத் தவிர்த்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. ஒரு உறவினர் வீட்டுக்கு மாலையில் போகிறோம் என்றால் எப்படிக் கிளம்புவோமோ, கேஷுவல் இரவு அவ்வளவுதான். விசேஷத்துக்குப் போகிற மாதிரி வேண்டாம், மாடியில் துணி காயப்போடப் போகிற மாதிரியும் வேண்டாம்.

ஆண்களுக்குக் காலர் வைத்த டி-ஷர்ட் அல்லது அரைக்கைச் சட்டை, ஜீன்ஸ் அல்லது பருத்தி பேண்ட். கிழிசல் இல்லாத ஜீன்ஸை இன்று ஏறக்குறைய எல்லாக் குடும்பக் கப்பல்களிலும் கேஷுவல் இரவில் ஏற்றுக்கொள்கிறார்கள். பெண்களுக்கு பேண்ட்டும் ஒரு நல்ல டாப்பும், அல்லது இலேசான ஃபிராக். மாமனாருக்கு அவர் வழக்கமாக வெளியே போகும்போது போடும் பேண்ட் சட்டையே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஷார்ட்ஸ் விஷயத்தில் மட்டும் கப்பல் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு. கார்னிவல் கப்பல்களில் கேஷுவல் இரவில் பெரிய டைனிங் ரூமிலேயே நல்ல ஷார்ட்ஸ் போடலாம்; கூடைப்பந்து ஷார்ட்ஸும் நீச்சல் ஷார்ட்ஸும்தான் கூடாது. டிஸ்னியும் அப்படித்தான், குழந்தைகளை மனதில் வைத்தே விதி எழுதியிருக்கிறார்கள். ராயல் கரீபியனில் காலைக்கும் மதியத்துக்கும் ஷார்ட்ஸ் சரி, இரவுக்கு நீளப் பேண்ட்டை எதிர்பார்க்கிறார்கள். நார்வீஜியன் கப்பல்களில் பாங்காக உடுத்தியே ஆக வேண்டிய ஃபார்மல் இரவே கிடையாது. ஆனால் அங்கேயும் லே பிஸ்ட்ரோ போன்ற சில உணவகங்களில் ஆண்கள் முழுப் பேண்ட் போட வேண்டும். 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்த விதி இல்லை. குனார்டு இதற்கெல்லாம் மறுகோடி. மாலை 6 மணி ஆனதும் கப்பலின் பெரும்பகுதி பாங்கான உடைக்கு மாறிவிடும். அப்படி மாற விரும்பாதவர்களுக்கு பஃபே போன்ற சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்த விதிகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுவதுண்டு. அதனால் கிளம்பும் வாரத்தில் உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தையோ செயலியையோ ஒரு முறை திறந்து பாருங்கள். கப்பலில் ஏறியபிறகு அன்றைய உடை என்ன என்பது தினசரி நிகழ்ச்சிக் குறிப்பிலேயே இருக்கும்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 14 வயதுப் பையனை ஏழு இரவும் பேண்ட்டுக்குள் திணிக்கப் போராடாதீர்கள். பாதி விடுமுறை அதிலேயே போய்விடும். ஜீன்ஸ் துணியிலோ பருத்தியிலோ முழங்கால் அளவுக்குத் தைத்த ஷார்ட்ஸ் இரண்டு, ஒரே ஒரு முழுப் பேண்ட். கடையில் அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள். முழுப் பேண்ட் எந்த இரவுகளுக்கு என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். கப்பலில் ஏறி டைனிங் ரூம் வாசலில் வைத்துப் பேசினால் யாருக்கும் நிம்மதி இல்லை. இன்னொன்று, பயணம் கரீபியன் பக்கம் என்றால் ராணுவ உடை போன்ற பச்சைத் திட்டு டிசைன் ஷார்ட்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பார்படோஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அந்த டிசைனை அணிவது சட்டப்படி தடை. அது குழந்தைகளுக்கும் பொருந்தும். கப்பலில் யாரும் கேட்க மாட்டார்கள், கரையில் இறங்கினால் சிக்கல்.

உடையைவிட நான் அதிகம் கவலைப்படுவது குளத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான். பெரிய டைனிங் ரூமில் முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு வாக்கில் ஆரம்பிக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள். நாலரை மணிக்கு எல்லோரும் சறுக்குமரத்திலும் தண்ணீரிலும் இருப்பார்கள். கேபினோ சின்னது, குளியலறை ஒன்று, அதற்குள் ஒரே நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். எல்லோரும் குளித்து, உப்பும் குளோரினும் போகத் தலை அலசி, துவட்டி, உடை மாற்றி, லிஃப்ட்டுக்குக் காத்திருந்து கீழே இறங்க வேண்டும். அவசரத்தில்தான் ஈர ஷார்ட்ஸ்மேல் ஒரு டி-ஷர்ட்டைப் போட்டு ‘போதும் வா’ என்று இழுத்துக்கொண்டு வருகிறோம்.

என் குடும்பத்தோடு போன முதல் பயணத்தில் இதை நேரில் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் வரிசையில் ஒரு அப்பாவும் ஆறேழு வயதுப் பையனும். பையனுடைய நீச்சல் ஷார்ட்ஸிலிருந்து கம்பளத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வாசலில் நின்ற பெண் ஊழியர் குனிந்து, பையன் காதருகே ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்புறம் அப்பாவிடம், “உங்கள் மேஜை அப்படியே இருக்கும், மாற்றிக்கொண்டு வாருங்கள்” என்றார், எங்களுக்கே சரியாகக் கேட்காத குரலில். கால்மணி நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். பையன் போட்டிருந்தது சாதாரணக் கோடு போட்ட டி-ஷர்ட், காய்ந்த ஷார்ட்ஸ். அதே ஊழியர் அவனைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார். விதி அவ்வளவுதான். உண்மையில் அதில் பையனுக்கும் நல்லதுதான்: துணி வைத்த நாற்காலியில் ஈரத்தோடு, குளிர்சாதன அறையில் ஒன்றரை மணி நேரம் எந்தக் குழந்தையும் உட்கார முடியாது.

அதனால் நான் சொல்வது இது. மதியம் குளத்துக்குப் போகும் முன்பே ஒவ்வொருவரின் மாலை உடையையும், உள்ளாடையோடு, ஒரே ஹேங்கரில் மாட்டி வைத்துவிடுங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி வாங்கிப்போனால் அதிலேயே தொங்கவிடலாம். சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகக் குழந்தைகளைக் கேபினுக்குக் கூப்பிடுங்கள். மகளை முதலில் குளிப்பாட்டுங்கள், தலைமுடி காய நேரம் வேண்டும். மகனைக் குளத்துக்கு அருகில் இருக்கும் பொது ஷவரிலேயே குளித்துவிட்டு வரச் சொல்லலாம். ஒரு நாள் எல்லோரும் களைத்துப்போய் இதெல்லாம் முடியாது என்று தோன்றினால், டைனிங் ரூமை விட்டுவிடுங்கள். பஃபேயில் விதி தளர்வு. காய்ந்த துணியும் காலில் செருப்பும் இருந்தால் சரி. சாப்பாடு குறைவில்லை, மேஜையும் சீக்கிரம் கிடைக்கும்.

குளிர் என்று சொன்னேன் அல்லவா, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயில் காயும் கடலில் போனாலும் டைனிங் ரூமுக்குள் நன்றாகவே குளிரும். அதே பயணத்தில் இரண்டாம் நாள் இரவு என் மகள் கையில்லாத ஃபிராக்கில் வந்தாள். சூப் வருவதற்குள் அவள் கை முழுக்க மயிர்க்கூச்செறிந்துவிட்டது. மேஜைமேல் இருந்த துணி நாப்கின் இரண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவே இல்லை. மறுநாளிலிருந்து ஒரு மெல்லிய பருத்திக் கார்டிகன் நாற்காலி முதுகிலேயே தொங்கியது. உங்கள் மகளுக்கும் மாமனாருக்கும் கட்டாயம் ஒன்று வையுங்கள். வயதானவர்கள் குளிர்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டு முடித்துத் திறந்த தளத்தில் நடக்கப்போனால் கடற்காற்று வேறு. அங்கேயும் அதுவே உதவும்.

காலணி. கப்பல் லேசாக ஆடும்போது உயரமான குதிகால் செருப்பு ஆபத்து. திறந்த தளத்துக்குப் போகும் சில கதவுகளில் உயர்ந்த இரும்பு நிலைப்படி இருக்கும், தடுக்கும். மாமனாருக்கு வழுக்காத அடியுள்ள ஷூ, உங்களுக்குத் தட்டையான செருப்பு, குழந்தைகளுக்குச் சுத்தமான கான்வாஸ் ஷூ அல்லது பின்பட்டை வைத்த சேண்டல். ரப்பர் செருப்பு குளத்தடிக்கு மட்டும்.

எத்தனை செட் என்று கேட்டீர்கள். ஐந்து கேஷுவல் இரவுக்கு ஐந்து தேவையில்லை. பெரியவர்களுக்குக் கீழே இரண்டு, மேலே மூன்று. நேற்று போட்ட பேண்ட்டையே இன்று வேறு சட்டையோடு போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 8 வயதுக் குழந்தைக்கு மட்டும் நான்கு எடுங்கள், ஏனென்றால் ஒரு இரவாவது ஐஸ்கிரீம் மடியில் விழும். அடர்நிறமோ சின்னப் பூப்போட்டதோ என்றால் கறை தெரியாது. கசங்காத துணியாகப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டியையும் துணிக்கு ஆவி காட்டும் ஸ்டீமரையும் தீ ஆபத்து காரணமாகப் பெரும்பாலான கப்பல்களில் கொண்டுவர விடுவதில்லை. சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். லினன் சட்டை அழகுதான், பெட்டியிலிருந்து எடுத்தால் காகிதம் கசக்கியது போல இருக்கும். பின்னல் துணி, பாலியெஸ்டர் கலந்த பருத்தி இரண்டும் நல்லது. கசங்கியிருந்தால் யாராவது சுடுதண்ணீரில் குளிக்கும்போது குளியலறைக்குள் தொங்கவிடுங்கள், ஓரளவு நேராகும். டிஸ்னி, பிரின்சஸ், கார்னிவல் போன்றவற்றில் நாமே துவைத்துக்கொள்ளும் அறை உண்டு. ராயல் கரீபியனில் இல்லை. காசு கொடுத்துச் சலவைக்குப் போட வேண்டும்.

எலிகண்ட் இரவு இரண்டையும் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கார்னிவலில் 2 முதல் 5 நாள் பயணத்துக்கு ஒன்று, 6 நாளும் அதற்கு மேலும் என்றால் இரண்டு என்று கணக்கு. மற்ற குடும்பக் கப்பல்களிலும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆண்களுக்கு முழுப் பேண்ட், நல்ல சட்டை. கோட்டு இருந்தால் போடலாம், கட்டாயமில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இருப்பதில் நல்லது எதுவோ அது. இரண்டு இரவுக்கும் ஒரே செட் போதும். கப்பலின் புகைப்படக்காரர்கள் அன்றுதான் மாடிப்படியருகே பின்திரை கட்டி நிற்பார்கள். மாமனாரோடு குடும்பப் படம் எடுக்க ஆசை இருந்தால் அந்த இரவில் எடுத்துவிடுங்கள். ஆசை இல்லையா, அன்று பஃபேக்குப் போய்விடுங்கள்.

முதல் நாள் இரவும் கடைசி இரவும்தான் பலர் கோட்டைவிடுவது. துறைமுகத்தில் நீங்கள் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் கேபின் வாசலுக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். சில சமயம் முதல் பந்தி முடிந்தபிறகுதான் வரும். அதனால் கையில் வைத்திருக்கும் பையில் ஐந்து பேருடைய நீச்சலுடை, அன்றைய இரவுக்கு ஒரு மாற்று உடை, கார்டிகன், மாமனாருடைய மருந்து. இவ்வளவும் இருந்தால் பெட்டி எப்போது வந்தாலும் சரி.

கடைசி இரவு இதற்கு நேர்மாறு. பெட்டிகளைக் கட்டி, அடையாள அட்டை மாட்டி, தூங்குவதற்கு முன் கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். இரவோடு இரவாக எடுத்துப்போய்விடுவார்கள். நடுச்சாமத்தில் மகனுடைய பேண்ட் பெட்டிக்குள் போய்விட்டது என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைய சாப்பாட்டுக்குப் போடுகிற உடையையும் ஷூவையுமே மறுநாள் காலை இறங்கும்போதும் போடுகிற மாதிரி எடுத்து வையுங்கள். மகளுக்கு மட்டும் கைப்பையில் கூடுதலாக ஒரு டி-ஷர்ட்.