பாதாம் பிசினும் பாலிமர் படிப்பும்

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் நிலை. அவளோ மண்ணில் மக்கிப்போகிற, தண்ணீரை உறிஞ்சும் பாலிமர் (சங்கிலிபோல் நீண்ட மூலக்கூறுகளால் ஆன பொருள்) செய்யப்போவதாக அடம்பிடிக்கிறாள். "இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா சார்?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. அந்தப் பெயரில் பட்டப்படிப்பைத்தான் தேடக்கூடாது.

அவள் சொல்வது ஒன்றும் விசித்திரமில்லை. டயப்பருக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் சோடியம் பாலிஅக்ரிலேட். பெட்ரோலியத்திலிருந்து வருவது. சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு பிடித்துக்கொள்ளும், ஆனால் மண்ணில் லேசில் மக்காது. அந்த வேலையை ஸ்டார்ச், செல்லுலோஸ், பழத்தோலின் பெக்டின், கடற்பாசியின் ஆல்ஜினேட் இவற்றை வைத்துச் செய்யப் பார்க்கிறார்கள். நீங்கள் இரவில் ஊறப்போடும் பாதாம் பிசின் காலையில் கிண்ணம் நிறைய உப்பி நிற்குமே, அதுவும் இந்த வகைதான்.

வயலில் ஈரம் காக்க, தண்ணீரை உறிஞ்சி ஜெல் ஆகும் பொருளை மண்ணில் போடுவார்கள், அதன் பெயர் ஹைட்ரோஜெல். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைட்ரோஜெல் செல்லுலோஸை வைத்துச் செய்தது. ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ போடச் சொல்கிறார்கள். அதுவும் முழுக்க இயற்கை அல்ல, செல்லுலோஸோடு செயற்கைச் சங்கிலியை இணைத்தது. ராஜஸ்தானைச் சேர்ந்த நாராயண் குர்ஜார் பழத்தோலிலிருந்து செய்கிறார், ஜப்பானின் ஒகினாவாவில் கம்பெனியே நடத்துகிறார்.

சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இயற்கைப் பொருளில் செய்தது பெரும்பாலும் குறைவாகத்தான் உறிஞ்சும், அழுத்தினால் குழைந்துவிடும். விலையிலும் அக்ரிலேட்டோடு மோதுவது கஷ்டம். அதனால் இந்த ஒரு பொருளை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். கெமிக்கல் இன்ஜினியரிங் அல்லது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, இரண்டில் ஒன்று. எப்படி உருவாகிறது என்று குடைபவளுக்குக் கெமிஸ்ட்ரி, டன் கணக்கில் எப்படிச் செய்வது என்று யோசிப்பவளுக்கு இன்ஜினியரிங். கெமிஸ்ட்ரி என்றால் எம்.எஸ்சி. வரை போயே ஆக வேண்டும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. பி.எஸ்சி.யோடு நின்றால் பெரும்பாலும் லேபில் டெஸ்டிங் வேலைதான். பாலிமரே வேண்டுமென்றால் 1968-இல் தொடங்கிய கிண்டி சிப்பெட்டையும் (பிளாஸ்டிக், பாலிமர் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனம்) பாருங்கள். முதல் வேலை பெயின்ட் கம்பெனியிலோ மருந்துக் கம்பெனியிலோ அமையலாம், அதில் தப்பில்லை. 'பசுமை', 'நானோ' என்று பெயர் வைத்த கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் நன்கொடை கொடுப்பதைத்தான் தப்பு என்பேன்.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு டயப்பரைக் கிழித்து அந்தத் தூளை எடுத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். ஜெல் ஆனதும் ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் உப்பு. பிடித்துவைத்த தண்ணீரில் பெரும்பகுதியை அது விட்டுவிடும். "ஏன் இப்படி?" என்று நோட்டோடு உட்கார்ந்தாள் என்றால் கவுன்சலிங்கில் கெமிக்கலை முதலில் போடுங்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு எழுந்துபோனால், கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கும் ஓடிவிடாது.